இடம் பெயர்ந்த உள்ளங்கள்

ஒரு சமுதாயம் மாறிய கதையை வரலாற்று நூல்கள் சட்டங்களையும் ஆண்டுகளையும் கொண்டு கூறுகின்றன. அம்மாற்றம் மனித உள்ளத்தில் விளைத்த நோவை அறியக் கலையையே நாடவேண்டும். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963ஆம் ஆண்டில் நெறியாண்ட ‘கம்பெரலிய’ என்னும் சிங்களத் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும். கிராமம் நிலைமாறுதல் என்பது அப்பெயரின் கருத்து.

காலியை அடுத்த கொக்கலையிற் பிறந்த மார்ட்டின் விக்கிரமசிங்க இதன் மூலநாவலை 1944இல் வெளியிட்டார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், உலகப்போரின் தேவைக்காக விமானத் தளம் அமைக்கும்பொருட்டு, அக்கிராமத்தவர் வெளியேற்றப்பட்டிருந்தனர். பிறந்த ஊரே பெயர்க்கப்பட்ட ஒருவரின் படைப்பு இது என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

கதை நிகழ்வது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முகாந்திரம் என்னும் பட்டம் பெற்ற பழங்குடும்பத்தின் பெருவீட்டுக்கு, நந்தா என்னும் மகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பியல் வருகிறான். இருவர் உள்ளமும் நெருங்குகின்றன. ஆயினும், பியல் குடிப்பிறப்பில் தாழ்ந்தவன் எனக் கூறிக் குடும்பத்தார் மறுக்கின்றனர். அவன் கொழும்பு சென்று வணிகத்தாற் செல்வனாகிறான். நந்தாவை மணந்த ஜினதாசவோ, குலப்பெருமையன்றி வேறு முதலில்லாதவன். வறுமை வருத்த, வணிகம் செய்யத் தொலைவூர் சென்று, தோல்வியுற்று, வீடு திரும்பாமலே அலைந்து மடிகிறான்.

அவன் இறந்தான் என்னும் பொய்ச்செய்தியை மெய்யென நம்பியே நந்தா பியலை மணந்தாள். பின்னர் உண்மை வெளிப்பட்டபோது, பியல் தேடிய பொருளால் அவளுடைய நெஞ்சின் கலக்கத்தை ஆற்ற இயலவில்லை. விழுந்தவனுக்கும் வீடில்லை, உயர்ந்தவனுக்கும் நிறைவில்லை.

ஆடலும் பாடலும் நீக்கி, படப்பிடிப்புக் கூடத்தை விடுத்து, உண்மையான இடங்களிலேயே இப்படம் எடுக்கப்பட்டது. 1965இல் புதுதில்லிப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதையும் பெற்றது.

ஆசிரியத் தொழிலில் மூத்தவனாகிய எனக்கு இக்கதை ஒரு வினாவை எழுப்புகின்றது. பியலை உயர்த்திய ஏணிகளுள் ஆங்கிலக் கல்வியும் ஒன்று. அத்தகைய ஏணியையே நாமும் நம் மாணவருக்கு நாள்தோறும் காட்டுகின்றோம். மேலேறியவன் தன்னை யாரென்று அறிந்து வாழவும் நாம் கற்பித்தோமா? விடை கூறவேண்டியவர் நாமே.