இரண்டு தவளை இதயங்கள்

ஏ.எல்.இல் பயோ படிச்ச ஆக்களுக்குத் தன்னியக்க நரம்புத் தொகுதி எண்டால் ஒரு அட்டவணைதான் ஞாபகம் வரும். ஒரு பக்கம் பரிவு, மற்றப் பக்கம் பரபரிவு. ஒண்டு இதயத்துடிப்பைக் கூட்டும், மற்றது குறைக்கும். பாடமாக்கி எழுதிப்போட்டு வந்துவிடுவோம். ஆனால் ஒரு நரம்பு இதயத்திடம் ‘மெதுவாகு’ என்று எப்படிச் சொல்கிறது?

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் நின்றுபோகும் என்பதை ஜேர்மனியின் வேபர் சகோதரர்கள் 1845இலேயே காட்டிவிட்டார்கள். நரம்பில் ஓடுவது மின் என்பதும் தெரியும். அந்த மின்தான் உறுப்புக்கும் தாவுகிறது என்று கனபேர் நம்பினார்கள். அப்படியெண்டால் ஒரே மாதிரியான மின், ஒரு நரம்பால் வரும்போது துடிப்பைக் கூட்டி, இன்னொன்றால் வரும்போது குறைப்பது ஏன்?

ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஒட்டோ லூவி இதற்கு விடை கண்டார். 1921இல் அது வெளியானது. யோசனை கனவில் வந்தது என்று அவர் பின்னாளில் சொன்ன கதை பிரபலம். எனக்கென்னவோ கனவைவிடப் பரிசோதனையின் எளிமைதான் பெரிசு. இரண்டு தவளை இதயங்கள், உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டு. ஒன்றில் வேகஸ் நரம்பு இருந்தது, மற்றதில் இல்லை. முதலாவதன் நரம்பைத் தூண்டினார், துடிப்புக் குறைந்தது. அதற்குள் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குள் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவாகியது.

அப்ப, செய்தியைக் கொண்டுபோனது கரைசலில் இருந்த ஏதோ ஒரு இரசாயனம். லூவி அதை ‘வேகஸ் பொருள்’ என்றார். அதுதான் அசற்றைல்கோலின். அற்றோபின் கொடுத்த இதயம் இந்தப் பொருளுக்கு மசியவில்லை என்பதையும், இதயத்தில் உள்ள ஒரு நொதியம் அதை உடனுக்குடன் உடைத்துவிடுகிறது என்பதையும் அடுத்த சில வருடங்களில் காட்டினார்.

1936 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே மாதம் ஜேர்மனியில், பூச்சிநாசினி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் ‘தபுன்’ என்ற நச்சைத் தயாரித்தார். அது முடக்குவது லூவி காட்டிய அதே வகை நொதியத்தைத்தான். 1938 மார்ச்சில் நாஸிகள் ஒஸ்ரியாவைப் பிடித்த இரவே லூவி கைதானார். அவர் யூதர். வெளியிடாத ஆய்வு முடிவைச் சிறைக்குள் இருந்தே ஒரு போஸ்ட்காட்டில் எழுதி அனுப்பினார். நாட்டைவிட்டுப் போக வேண்டுமெண்டால் சுவீடன் வங்கியில் கிடந்த பரிசுப் பணத்தைத் தங்கள் வங்கிக்கு மாற்று என்றார்கள். மாற்றினார்.

தபுனின் உறவுக்காரப் பூச்சிநாசினிகள் பிறகு எங்கட வயல்களுக்கும் வந்தன. மொனோகுரோட்டோபொஸ் போன்ற மிக நச்சானவற்றை இலங்கை தடைசெய்ய 1995 ஆகிவிட்டது. மருந்தடிச்ச ஆளின் உடம்புக்குள் இவை அளவுக்கு மிஞ்சிப் போனால் அசற்றைல்கோலின் உடையாமல் தேங்கும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், எச்சில் வழியும், துடிப்பு இறங்கும், நெஞ்சு நிறையச் சளி கட்டும். பரபரிவுப் பக்கம் பாடமாக்கிய அதே வரிகள்தான், நிறுத்த ஆளில்லாமல். ஆஸ்பத்திரியில் உடனே ஏற்றுவது அற்றோபின். துடிப்பு ஏறுதா, வியர்வை காயுதா, நெஞ்சுச் சத்தம் தெளியுதா என்று பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள்.