எக்ஸெலும் சான்ட்ரோவும்

1986இல் ஹூண்டாய் தன் எக்ஸெல் காரை அமெரிக்காவில் 4,995 டாலருக்கு இறக்கியது. பழைய கார் வாங்கும் பணத்தில் புதுக் கார் கிடைக்கிறதே என்று மக்கள் மொய்த்தார்கள். முதல் ஆண்டிலேயே 1,68,000க்கு மேல் விற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. இரண்டும் கையைக் கடிக்காத விலையை நம்பிப் பிறந்தவை. ஒன்று கம்பெனியின் பெயரைக் கெடுத்தது. மற்றது இந்தியாவில் அதே பெயரை நிலைநாட்டியது.

எக்ஸெலிடம் விலையைத் தவிர வேறு பலம் இல்லை. சில ஆண்டுகளிலேயே துருவும் பழுதும் தலைகாட்டின, மறுவிற்பனை விலை சரிந்தது. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு ஹூண்டாய் என்ற பெயரே கேலிப்பொருளானது. அந்தக் கறையைப் போக்க, 1990களின் இறுதியில், எஞ்சினுக்கும் கியருக்கும் பத்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி தரவேண்டி வந்தது.

சான்ட்ரோ அப்படி வரவில்லை. ஏடோஸ் என்ற கொரியக் காரின் தோற்றத்தை இந்தியர்களுக்காக மாற்றி வடித்தார்கள். கூரை உயரம், புடவை கட்டியவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் குனியாமல் ஏறி உட்கார முடிந்தது. மாருதி 800 கார்புரேட்டரோடு ஓடிய காலத்தில் இதில் நான்கு சிலிண்டர், மல்டி பாயின்ட் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். நடுத்தரக் குடும்பத்தை மதித்துச் செய்த கார் என்றே இதைச் சொல்வேன். எக்ஸெலில் இல்லாதது அந்த மதிப்புதான்.

ஆனால் பழைய சிக்கனம் முழுதாக ஒழிந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தாராளம் காட்டி, தெரியாத இடத்தில் கையை இறுக்கும் பழக்கம் தங்கிவிட்டது. 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஹூண்டாய் ஐ10 பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. மாருதி ஆல்டோவுக்கும் அதே பூஜ்யம்தான், என்றாலும் அது சமாதானமாகாது. இடையில் நிறுத்தப்பட்டு மறுபிறவி எடுத்த சான்ட்ரோ 2019இல் இரண்டே நட்சத்திரம் பெற்றது. அதன் உடற்கூடு நிலையற்றது என்று சோதனை சொன்னது. அமெரிக்காவிலும் இதே கதை. சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத மின்னணுப் பூட்டு, 2011 முதல் 2021 வரை வந்த பல ஹூண்டாய், கியா பேஸ் மாடல்களில் இல்லை. இளைஞர்கள் யூஎஸ்பி முனையைச் செருகித் திருப்பி அவற்றைத் திருடினார்கள். சட்டம் கட்டாயப்படுத்திய கனடாவில் அந்தப் பூட்டு இருந்தது. ஆக, அவர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை.

2023இல் ஹூண்டாய் வெர்னா ஐந்து நட்சத்திரம் வாங்கியது இதற்கு இன்னொரு சாட்சி. ஷோரூமில் சன்ரூஃபையும் தொடுதிரையையும் காட்டும்போது, நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். விடை திருப்தியாக இல்லையென்றால் முன்பணம் கட்டாதீர்கள்.