ஜப்பானியத் தொலைக்காட்சியில் சலவைப்பொருள் விளம்பரங்களும் புகழாளர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானில் வணிகத் தொலைக்காட்சி 1953ஆம் ஆண்டில் தோன்றியது. அன்றுமுதல் சலவைப்பொருள் நிறுவனங்கள் அதன் முதன்மையான விளம்பரதாரர்களுள் இடம்பெற்று வந்துள்ளன. நிகழ்ச்சிப் புரவலர் என்னும் நிலையிலிருந்து புகழ்பெற்ற ஆண் நடிகர்களை முன்னிறுத்தும் நிலைக்கு இவ்விளம்பரங்கள் நகர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. திரையில் வீட்டுவேலை செய்பவரின் பாலினம் மாறிய அளவுக்கு வீட்டினுள் வேலைப்பங்கீடு மாறவில்லை என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஜப்பான், தொலைக்காட்சி விளம்பரம், சலவைப்பொருள், புகழாளர், வீட்டுவேலை, பாலினம்.

முன்னுரை

1953 பிப்ரவரியில் என்.எச்.கே. என்னும் பொது ஒலிபரப்பு நிறுவனமும், அதே ஆண்டு ஆகஸ்டில் நிப்பான் தொலைக்காட்சி என்னும் வணிக நிறுவனமும் ஒளிபரப்பைத் தொடங்கின. சான்யோ நிறுவனத்தின் சலவை இயந்திரம் 28,500 யென் விலையில் சந்தைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் ‘மூன்று செல்வங்கள்’ என மக்கள் வழங்கினர். தூளை வேண்டிய இயந்திரமும் தூளை விற்ற திரையும் ஒரே வீட்டினுள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நுழைந்தன. சலவைப்பொருள் விளம்பரத்தின் வளர்ச்சியை இப்பின்புலத்தில் வைத்தே நோக்க வேண்டும்.

நிகழ்ச்சிப் புரவலர் காலம்

1887இல் தொடங்கிய காவோ, 1891இல் தொடங்கிய லயன் ஆகிய இரு நிறுவனங்களும் தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் முன்பே சவர்க்காரம், பற்பொடி முதலியவற்றால் அறியப்பட்டவை. இவை தொடக்கத்தில் விளம்பரத்தை விடவும் நிகழ்ச்சியையே தம் பெயரால் அடையாளப்படுத்தின. டிபிஎஸ் நிறுவனத்தின் பகல்நேரத் தொடர் வரிசை 1969இல் காவோவின் பெயரை முன்னொட்டாகக் கொண்டு ‘காதல் அரங்கு’ எனத் தொடங்கியது; அவ்வரிசை 2009 வரை நீடித்தது. லயன் நிறுவனமும் தன் பெயர் தாங்கிய பகல்நேர நாடக வரிசை ஒன்றை ஃபூஜி தொலைக்காட்சியில் நடத்தியது. அதன் தலைப்பிலேயே ‘இல்லத்தரசி’ எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றிருந்தது. பார்ப்பவர் யார் என்னும் முன்முடிவை அத்தலைப்பே வெளிப்படுத்துகிறது.

1984இல் தொடங்கிய லயனின் உரையாடல் நிகழ்ச்சி, 1991இல் ‘கொகிகென்யோ’ என்னும் புதுப்பெயருடன் தொடர்ந்து 2016இல் நிறைவுற்றது. கோசகாய் கசுகி இதன் தொகுப்பாளர். விருந்தினராக வந்த நடிகர்களும் பாடகர்களும் பெரிய பகடையை உருட்டி, விழுந்த தலைப்பில் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கூறினர். அவர்கள் சலவைத்தூளைப் புகழ்ந்துரைக்க வேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் பழகிய முகங்களின் அருகில் நிறுவனத்தின் பெயர் இருந்தமையே போதுமானதாயிற்று. ‘டாரென்டோ’ என ஜப்பானியர் வழங்கும் தொலைக்காட்சிப் புகழாளரின் அணுக்கம் விற்பனைக்குரிய நம்பிக்கையாக மாறிய முறையை இங்குக் காணலாம்.

பிவா ஏரியும் நுகர்வோர் எதிர்வினையும்

விளம்பரம் கட்டமைத்த இல்லத்தரசி எப்போதும் பணிந்து கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1975இல் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்தின் உடனடி நூடுல்ஸ் விளம்பரம், சமைப்பவள் பெண், உண்பவன் ஆண் என வேலையைப் பிரித்துக் காட்டியது. பெண்கள் அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து அவ்வாண்டிலேயே அது நிறுத்தப்பட்டது.

1977இல் பிவா ஏரியில் செந்நீர்ப் பெருக்கம் ஏற்பட்டது. சலவைத்தூளிலுள்ள பாஸ்பேட் அதன் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. ஷிகா மாநிலப் பெண்கள் பலர் செயற்கைச் சலவைத்தூளைக் கைவிட்டுச் சவர்க்காரத்தூளுக்குத் திரும்பும் இயக்கத்தில் பங்கேற்றனர். 1979இல் இயற்றப்பட்டு 1980 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், பாஸ்பேட் கலந்த வீட்டுச் சலவைப்பொருளின் விற்பனையையும் பயன்பாட்டையும் தடைசெய்தது. லயன் 1980இல் பாஸ்பேட் அற்ற தூளை வெளியிட்டது. திரையின் இலக்காகக் கருதப்பட்ட பெண்களே பொருளின் உட்கூற்றை மாற்றச் செய்தமை இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

பொருளின் வேறுபாடும் முகத்தின் தேவையும்

1987இல் காவோ வெளியிட்ட ‘அட்டாக்’, நொதி கலந்த செறிவூட்டப்பட்ட தூளாகும். ஒரு கரண்டியே போதும் என்பது அதன் விளம்பரத்தின் மையச் செய்தி. சிறிய பெட்டியும் சிறிய கரண்டியும் கண்ணுக்குப் புலனாகும் சான்றுகள். அவற்றைக் காட்டுவதே விளம்பரமாயிற்று. பின்னர்ச் செறிவுத் திரவமும், 2014இல் பி அண்ட் ஜி நிறுவனத்தின் ஜெல் உருண்டையும் வந்தன. போட்டி நிறுவனங்கள் ஒன்றையொன்று விரைவில் நெருங்கிய சந்தையில், பெரும்பாலும் பதினைந்து நொடியே நீளும் விளம்பரத்தில் வேதியியல் நுட்பத்தை விளக்க இயலாது. பார்த்தவுடன் அடையாளம் காணத்தக்க முகம் அக்குறையை நிரப்பியது.

ஆண் நடிகர்களின் வருகை

2010இல் ஜப்பானிய அரசு, குழந்தை வளர்ப்பில் தந்தையரின் பங்கேற்பை ஊக்குவிக்க ‘இகுமென்’ திட்டத்தைத் தொடங்கியது. அப்பத்தாண்டில் ஆண் நடிகர்கள் சலவை விளம்பரங்களில் முதன்மை பெற்றனர். ‘ஏரியல்’ விளம்பரங்களில் இகுடா தோமா தோன்றினார். 2019 ஏப்ரலில் வெளிவந்த ‘அட்டாக் ஸீரோ’வுக்கு மட்சுசகா தோரி, சுடா மசாகி, காகு கென்டோ, மாமியா ஷோட்டாரோ, சுகினோ யோசுகே ஆகிய ஐவரும் சலவையை நேசிப்போர் குழுவாக நடித்தனர். இங்குச் சலவை கடமையாகவோ சுமையாகவோ காட்டப்படவில்லை. நண்பர்கள் கூடிப் பேசும் பொழுதுபோக்காகக் காட்டப்பட்டது.

இச்சித்திரிப்பை அரசின் சமூக வாழ்க்கை அடிப்படைக் கணக்கெடுப்புடன் ஒப்பிடுதல் தகும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள குடும்பங்களில் வீட்டுவேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் கணவர் செலவிட்ட நேரம் 2016இல் நாளொன்றுக்கு 83 நிமிடம். 2021இல் 114 நிமிடம். மனைவியர் செலவிட்ட நேரம் முறையே 454, 448 நிமிடம். கணவரின் பங்கு 31 நிமிடம் கூடியபோது மனைவியின் சுமை 6 நிமிடமே குறைந்தது. 2021இலும் மனைவியின் உழைப்பு கணவரினதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இவ்வெண்கள் சலவையை மட்டும் குறிப்பன அல்ல. எனினும் வேலைப்பங்கீட்டின் போக்கை உணர்த்தப் போதுமானவை.

இவ்விளம்பரங்களை வெறும் பொய்த்தோற்றம் என ஒதுக்குதல் பொருந்தாது. ஆண் சலவை செய்வதை இயல்பான காட்சியாக்கியதில் அவற்றுக்குப் பங்குண்டு. ஆயினும் அன்றாடம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய, எவரும் பாராட்டாத உழைப்பை விருப்பமாக உருமாற்றும்போது, அவ்வுழைப்பைப் பகிர்வது பற்றிய கேள்வி மறைந்துவிடுகிறது. விரும்புவோர் செய்யலாம் என்பதற்கும் இருவரும் செய்ய வேண்டும் என்பதற்கும் இடையிலான தொலைவு பெரிது.

முடிவுரை

ஜப்பானியச் சலவைப்பொருள் விளம்பரம், நிறுவனப் பெயர் தாங்கிய நிகழ்ச்சியிலிருந்து பொருளின் செயல்விளக்கத்துக்கும், அதிலிருந்து புகழாளரின் முகத்துக்கும் முதன்மையை மாற்றி வந்துள்ளது. பொருளின் தன்மையை மாற்றிய ஆற்றல் 1970களின் பிற்பகுதியில் நுகர்வோர் இயக்கத்திலிருந்தும் பிறந்தது. திரை மட்டுமே அதனைத் தரவில்லை. வீட்டுவேலைப் பங்கீட்டில் புகழாளர் விளம்பரம் காட்சியை மாற்றியுள்ளது. கணக்கெடுப்பு காட்டும் இடைவெளியோ பெரிதும் அப்படியே உள்ளது. விளம்பரங்களைச் சமூக மாற்றத்தின் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள், அவற்றை நேரப்பயன்பாட்டுத் தரவுகளுடன் இணைத்து வாசித்தல் இன்றியமையாதது.