ஏர் இந்தியா விற்பனை: எதிர்ப்பின் பின்வரிசையில் நின்ற கேள்வி

"டாடாவிடமிருந்து எடுத்தார்கள், டாடாவிடமே கொடுத்துவிட்டார்கள். இதில் நமக்கு என்ன போச்சு?" படிப்பு வட்டம் ஒன்றில் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் பலர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் வேலைக்கு இடஒதுக்கீடு இருந்தது. போனது அதுதான்.

1932இல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கிய நிறுவனம் 1953இல் நாட்டுடைமை ஆனது. முக்கியத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்று 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அம்பேத்கர் 1947லேயே எழுதியிருந்தார். பொதுத்துறை என்பதால்தான் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடங்கள் என்ற விதி அங்கும் வந்தது. மண்டலுக்குப் பின் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் சேர்ந்தது.

விற்கும் முயற்சி ஒரே நாளில் வெல்லவில்லை. வாஜ்பாய் ஆட்சியில் டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேர்ந்து பங்குகளை வாங்க வந்தன. அரசியல் கட்சிகள், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பைக் காரணம் காட்டி 2001 செப்டம்பரில் சிங்கப்பூர் நிறுவனம் விலகியது. அதே ஆண்டு பால்கோ அலுமினிய நிறுவனத்தின் 51 விழுக்காட்டுப் பங்கு ஸ்டெர்லைட்டுக்குப் போனது. கோர்பாவில் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சத்தீஸ்கர் முதல்வர் அஜித் ஜோகி எதிர்த்தார். ஆனால் உச்ச நீதிமன்றம் விற்பனையை ஏற்றது. அரசு நிறுவன ஊழியர் என்பதால் கிடைக்கும் 14, 16ஆம் பிரிவுகளின் பாதுகாப்பு போய்விடும் என்பது விற்பனையைத் தடுக்கும் காரணம் ஆகாது என்றது. தோழர்களே, இந்தத் தீர்ப்பை அவசியம் படியுங்கள்.

2018இல் 76 விழுக்காட்டுப் பங்கை விற்க மோடி அரசு அறிவித்தது. இடதுசாரிகளும் மம்தா பானர்ஜியும் எதிர்த்தார்கள். வாங்க ஒருவரும் வரவில்லை. 2020இல் முழுவதையும் விற்க முடிவானபோது பாஜகவின் சுப்பிரமணியன் சுவாமியே எதிர்த்தார். பிறகு தில்லி உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021 அக்டோபரில் டாடா 18,000 கோடி ரூபாய்க்கு வென்றது. அதில் 15,300 கோடி கடன் பொறுப்பு; அரசுக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் கை மாறியது.

இத்தனை ஆண்டு எதிர்ப்பில் உரக்கக் கேட்ட சொற்கள் எவை? தேசப் பெருமை, குடும்பச் சொத்து, அடிமாட்டு விலை. சமூகநீதி பின்வரிசையில்தான் நின்றது. ஓராண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அது இருப்பவர்களுக்கான பாதுகாப்பு. இனி வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏர் இந்தியா பொற்காலத்தில் இருக்கவில்லை. விற்கும்போது அதன் கடன் 61,000 கோடிக்கு மேல். 12,085 ஊழியரில் 4,001 பேர் ஒப்பந்தக்காரர்கள். நிரந்தர வேலை சுருங்கும்போதே நம் பங்கும் சுருங்குகிறது. அப்போது குரல் கொடுக்காமல், விற்கும் நாளில் மட்டும் கொடி பிடித்தால் போதாது.

அடுத்து என்ன? 2004இல் காங்கிரஸ் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டம் தனியார்துறை இடஒதுக்கீடு பற்றி விவாதம் தொடங்குவதாகச் சொன்னது. தொழிலதிபர் சங்கங்கள் விருப்பத்தின்பேரில் பின்பற்றும் நெறிமுறையைக் காட்டின, சட்டம் வரவில்லை. ஆனால் 93ஆவது திருத்தத்தின் மூலம் தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்கு நாடாளுமன்றம் வழி திறந்தது. கல்விக்கு முடிந்தது வேலைக்கு ஏன் முடியாது?

அந்தத் தம்பிக்கு இதைத்தான் சொன்னேன்: விமானம் யாருடையது என்று மட்டும் கேட்காதே. அதில் வேலைக்குப் போகும் வழி யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் கேள். அடுத்த பொதுத்துறை நிறுவனம் விற்பனைக்கு வரும்போது, அந்தக் கேள்வி முன்வரிசையில் நிற்க வேண்டும்.