ராஜ்யமில்லாத ராஜா: இரண்டாம் சரபோஜி குறித்துச் சில

மயிலாடுதுறையிலிருந்துகொண்டு சரபோஜியைப் பற்றி எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அவர்மேல் இருக்கிற பக்தி நமக்குக் கட்டாயமில்லை. சரஸ்வதி மகால், தேவநாகரி அச்சுக்கூடம், கண் நோயாளிகளைப் பற்றிப் படங்களோடு எழுதி வைத்த சிகிச்சைக் குறிப்புகள் - இவற்றைக் கொண்டு 'அறிஞர் மன்னர்' என்றொரு பிம்பம் கட்டியாகிவிட்டது. எதை ஆண்ட மன்னர் என்று கேட்டால்தான் சங்கடம்.

1787இல் துளஜா சாகுமுன் பத்து வயசுப் பையனைச் சுவீகாரம் எடுத்தார். அது செல்லாது என்றார்கள் பண்டிதர்கள். துளஜாவின் சகோதரர் அமர்சிங் பட்டத்துக்கு வந்தார். நம்ம தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் ஷ்வார்ட்ஸ், பையனுக்காகக் கம்பெனியிடம் வாதாடினார். மறுபடி பண்டிதர்களைக் கேட்டார்கள். இந்தத் தடவை செல்லும் என்று பதில் வந்தது. அதே சாஸ்திரந்தான். 1798இல் சரபோஜிக்குப் பட்டம். 1799 அக்டோபர் 25இல் ஒப்பந்தம்: வரியும் நிர்வாகமும் கம்பெனிக்கு; ராஜாவுக்குத் தஞ்சைக் கோட்டை, வருஷம் ஒரு லட்சம் வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த ஐந்தில் ஒன்று எங்கிருந்து போயிற்று? மாயவரம், கும்பகோணம் பக்கத்து நஞ்சையிலிருந்து. சேற்றில் இறங்கிய பள்ளர், பறையர் உழைப்பு மிராசுதார் களத்தைத் தாண்டி, கலெக்டர் கச்சேரியைத் தாண்டி, கடைசியில் சுவடியாகவும் ஐரோப்பியப் புத்தகமாகவும் அரண்மனைக்குள் அடுக்கப்பட்டது. நூலகம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நானும் அதைப் பயன்படுத்துகிறவன்தான். ஆனால் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தானே வாசிக்க வேண்டும்?

ஜப்பானில் காமகூரா காலத்தில் இது அடுக்கடுக்காக நடந்தது. க்யோட்டோவில் பேரரசர், அதிகாரம் ஷோகுனிடம்; பிறகு ஷோகுனும் பொம்மையாகி ஹோஜோ குடும்பத்தின் கைக்குப் போனது. அங்கே கோ-தாய்கோ என்ற பேரரசர் கலகம் செய்து, 1333இல் காமகூரா விழுந்தது. நம்ம ராஜா வேறு வழி கண்டார். ஆட்சி போய் நாலு வருஷத்தில், 1803இல், பெரிய கோவில் சுவரில் போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராட்டியில் வெட்டவைத்தார். ஆள நிலமில்லாதவருக்குக் கல் இருந்தது. நெப்போலியனைக் கம்பெனியின் எஜமானர்கள் ஜெயித்ததற்காகக் கடற்கரையில் மனோரா கோபுரமும் எழுப்பினார். யாருடைய வெற்றி, யாருடைய செலவு! இதை வெறும் அடிமைப்புத்தி என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. கொண்டாடுவதற்கென்று சொந்தமாக ஒரு போர்கூட அவருக்கு மிச்சமிருக்கவில்லை.

1832இல் அவர் இறந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி பட்டத்தை ஒழித்தது, சொந்தச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு: இது அரசின் செயல், இதை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை.