புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது களிம்பேறிய இரண்டு செம்பு வளையல்கள் கிடைத்தனவாம். "ஒன்றைப் புளி போட்டு நல்லா தேய்ச்சேன் சார், பளபளன்னு ஆயிடுச்சு. ஆனா அதுல வேலைப்பாடே இல்ல. இன்னொண்ணுல கோடு கோடா தெரியுது" என்றான். எனக்குத் திக்கென்றது. வேலைப்பாடு களிம்போடு போய்விட்டது!

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஐரோப்பாவின் இடைக்கால நகைகளை வைத்துச் சொல்கிறேன்.

7ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் புதைத்த புதையல் 2009இல் ஒரு வயலில் கிடைத்தது. சுமார் நான்கு கிலோ தங்கம். 1300 ஆண்டுகளுக்குப் பிறகும் தங்கம் தங்கமாகவே இருந்தது. ஒட்டியிருந்த மண்ணை முள்ளால்தான் எடுத்தார்கள். உலோகக் கருவி பட்டால் கீறிவிடுமே!

வெள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உறுதிக்காகக் கலந்த செம்பு முதலில் கரைந்து வெளியே வந்து பச்சைக் களிம்பாகப் படியும். மண்ணில் உப்பு இருந்தால் வெள்ளியும் குளோரைடாக மாறும். பழைய மேற்பரப்பின் வடிவம் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கும்.

கண்ணாடியின் கதை இன்னும் விசித்திரம். ரோமானியர் காலத்துக் கண்ணாடி பல இடங்களில் நன்றாக இருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு பிந்திய கண்ணாடி உதிர்கிறது. காரணம் கலவை. ரோமானியர் எகிப்திலிருந்து வந்த சோடா உப்பைச் சேர்த்தார்கள். பிற்பாடு அந்த உப்பு அரிதானதும், வட ஐரோப்பியர் மரச்சாம்பலுக்கு மாறினார்கள். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைத்தொழில் நூலில், இரண்டு பங்கு பீச் மரச்சாம்பலுக்கு ஒரு பங்கு மணல் என்று செய்முறை இருக்கிறது. சாம்பலில் பொட்டாசியம் அதிகம். ஈரமண்ணில் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொள்ளும். மணியோ மோதிரமோ, மிஞ்சுவது வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரியும். ஈரத்தோடு கிடைத்ததை வெயிலில் காயவைத்தால் அதுவும் உதிர்ந்துவிடும்.

ஆக, எத்தனை வயது என்பதைவிட எதனால் செய்தது, எந்த மண்ணில் கிடந்தது என்பதே முக்கியம்.

நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற வளையலை மண்ணோடு அப்படியே பொதிந்து தாசில்தார் அலுவலகத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன். மறுநாளே போய்விட்டான், நல்ல பிள்ளை.

உங்கள் கையில் இப்படி ஏதாவது கிடைத்தால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். அந்த அழுக்கிலும் வரலாறு இருக்கிறது.