இடையன்குடி ரேந்தையும் மாணாக்கர் வினைத்திறனும்

மாணாக்கர் செய்யும் வினை சிறப்புற வேண்டுமாயின் ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்னும் வினா தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்துள் மாணாக்கரின் இயல்பை அன்னமும் ஆவும் முதலாக எருமையும் நெய்யரியும் ஈறாக உவமை காட்டி வகுத்தார். அவ்வுவமைகளைப் பலரும் எடுத்தாள்வர். அவற்றினும் நுண்ணியது, அப்பகுதியிலேயே அவர் தரும் கணக்கு. ஆசிரியர்பால் கேட்டலான் வருவது புலமையின் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகலான் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்குங்கால்தான் நிரம்பும். அஃதாவது, கற்றவன் தன் ஆக்கத்தைப் பிறர் முன் வைத்தல் கல்விக்குப் பின் நிகழும் அணிவிழா அன்று. கல்வியின் பாதியே அதுவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகள் இழந்தது இவ்வரைப்பங்கினையே என்பதும், அதனைப் பெரிதும் காத்த ஓரிடம் இராதாபுரம் பகுதியில், எழுத்து வகுப்பிலன்றிக் கைவேலை வகுப்பில் இருந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் திண்ணைப் பள்ளியை நோக்குவோம். 1822ஆம் ஆண்டில் ஆளுநர் தாமசு மன்றோ ஆணையிட்டு எடுப்பித்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர். அதன் பொருட்டுப் பல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் விடுத்த அறிக்கை ஒரு வழக்கத்தைக் கூறுகின்றது. காலையில் முதலில் வந்த சிறுவனின் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவோர்க்கு அவ்வாறே ஏறும். ஈண்டுப் பாராட்டப் பெறுவது வருகையின் விரைவேயன்றி வினையின் நேர்த்தி அன்று. ஆயினும் அப்பள்ளிகளை இகழ்தல் நேரிதன்று. சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பிக்கும் முறையால் நன்னூலார் கூறிய இரண்டாம் காற்பங்கு அங்கு உயிரோடிருந்தது. 1789இல் எழும்பூர் ஆண் அநாதையர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்டுரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார்; மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கேயே வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

பின்னர் நேர்ந்தது வேறு. 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட, தேர்ச்சிக்கேற்ப உதவிப்பணம் வழங்கும் முறை சென்னை மாகாணத்திலும் வேரூன்றியது. ஆய்வாளர் ஒருநாள் வருவார். ஒவ்வொரு குழந்தையும் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் தேறினால் பள்ளிக்குத் தொகை கிடைக்கும். தரத்தை வளர்க்கவென்றே எழுந்த திட்டம் இது. ஆனால் ஆய்வாளர் கேட்பதற்கு அப்பால் ஆசிரியர் ஏன் செல்ல வேண்டும்? தேறுதற்கு வேண்டிய அளவே வினையின் எல்லையாயிற்று. கர்சன் ஆட்சியில் 1904இல் வெளிவந்த கல்விக் கொள்கைத் தீர்மானம் அம்முறையைக் கைவிடுதல் நன்று எனக் கொண்டது.

இனி இடையன்குடிக்கு வருவோம். இராதாபுரம் பகுதியில், செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் சூழ்ந்த அவ்வூருக்கு 1841இல் கால்டுவெல் வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் (1856) கண்ட அவரைத் தமிழுலகம் நன்கறியும். அவர் 1844இல் மணந்த எலிசாவைப் பற்றி ஆராய்ந்தோர் சிலரே. நாகர்கோவிலில் பணிபுரிந்த மால்ட் இணையரின் மகளாகிய அவ்வம்மையார் தமிழ்ச் சூழலிலேயே வளர்ந்தவர். தாயார் மார்த்தா நாகர்கோவில் பெண்கள் விடுதிப் பள்ளியில் கற்பித்த ரேந்தை பின்னுதலை மகளார் இடையன்குடிச் சிறுமியர்க்குக் கற்பித்தார்.

அவ்வேலையின் இயல்பு கூர்ந்து நோக்கற்பாலது. திண்டின்மேல் துளையிட்ட கோலத்தாளை விரித்து, துளைதோறும் குண்டூசி நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணையிணையாகக் குறுக்கிட்டும் முறுக்கியும் மாற்ற வேண்டும். ஒருமுறை மாறினால் அடுத்த வரிசை கோணும். பின்னியவளே அதனைக் காண்பாள். பிரித்து மீண்டும் பின்னுவாள். குற்றத்தைச் சுட்டப் பிரம்பும் வேண்டா, மதிப்பெண்ணும் வேண்டா. முடிந்த ரேந்தையை வாங்குவோர், பின்னியவளை அறியாதவர். அவள்பால் இரக்கமோ வெறுப்போ இல்லாதவர். எழுத்து வகுப்பில் ஆய்வாளர் ஒருநாளில் செய்ததை, இங்குத் திண்டும் விலையும் நாள்தோறும் செய்தன. பிறர் முன் வைத்தல் என்னும் அரைப்பங்கு இங்கு மீண்டது என்பேன்.

இதற்கு மறுப்பும் உண்டு; அது வலிய மறுப்பே. கோலம் ஐரோப்பியருடையது, சிறுமி அதனை வழுவின்றிப் பின்னினாளேயன்றித் தானாக வரையவில்லை. மேலும் நாகர்கோவிலில் ரேந்தை வருவாய் விடுதியைத் தாங்கிற்று. பள்ளியின் செலவு குழந்தையின் விரலை நம்பியிருக்குமாயின், நேர்த்தி எவருடைய நலம் குறித்தது? எனினும் அதே நாகர்கோவிலில் அடிமைப் பெண்டிர் சிலர் ரேந்தைக் கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைக்குப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது என்பதை உளங்கொண்டால் அக்கூலியின் மதிப்பு விளங்கும்.

இவ்வையமே 1937இல் வார்தாக் கல்வித் திட்டத்தின்மீதும் எழுந்தது. கைத்தொழில் வருவாய் ஆசிரியர் ஊதியத்திற்கு உதவும் என்ற காந்தியடிகளின் கருத்தை ஏற்ற சாகீர் உசேன் குழுவும், பொருள் ஈட்டுதலே மேலோங்கிக் கல்வி பின்தள்ளப்படலாம் என எச்சரித்தது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டமோ, அரைநாட் பள்ளி போக எஞ்சிய பொழுதில் குழந்தை பெற்றோர் தொழிலில் ஈடுபடுமாறு வகுத்தது. குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டு, காமராசர் முதலமைச்சரானபின் 1954இல் அது நீக்கப்பட்டது. கைவேலையைப் பள்ளியொடு இணைத்தலே அதன் குறை எனச் சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதோம். குழந்தையைத் தந்தையின் தொழிலுக்கே மீட்டனுப்பியதே அதன் குறை. இடையன்குடிச் சுற்றுவட்டத்தில் ஆடவர் பனையேறினர். மகளிர் பதநீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்த்தனர். அவ்வீடுகளிலிருந்து வந்த சிறுமியர் திண்டின்மேல் பின்னியது அவர்தம் தாயரும் பாட்டியரும் கண்டறியாத வேலை.